வலது கண்ணுக்கு மேலே ஒரு சுழி

ஆறுச்சாமி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கட்டுத்தரைக்குத்தான் போவார். கல்யாண வீடானாலும் சரி, கருமாதி வீடானாலும் சரி. மாட்டின் முதுகைத் தடவி, திமிலை அமுக்கி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து முடித்த பிறகுதான் மனிதர்கள் பக்கம் வந்து "நல்லா இருக்கறீங்ளா" என்பார். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். வயது ஐம்பத்து நாலு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடத்தான் செய்தார்கள். சேர்ந்த வாரமே வாத்தியார் வீட்டு எருமை கன்று போட்டதென்று பார்க்கப் போனார். எருமையைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டார்.

இந்த மனிதருக்கு எட்டு வருசத்துக்கு முன்னால் இன்னொரு கிறுக்கும் பிடித்தது. போன் கேமரா.

அப்போதுதான் முதல்முதலாகத் தொடுதிரை போன் வாங்கியிருந்தார். தன்னுடைய செவலைப் பசுவை விற்பதற்காகப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டார். உச்சி வெயிலில், நின்ற வாக்கில், தலைக்கு மேலே போனைத் தூக்கிப் பிடித்து எடுத்த படம். பசுவுக்குக் கால் குட்டையாகவும் தலை பெரியதாகவும் வந்துவிட்டது. கீழே ஒருவன், "கழுதை எத்தன ஈத்துங்ண்ணா?" என்று கேட்டிருந்தான். ஆறுச்சாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பசுவைச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவரையே கழுதை என்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

பிறகு ஆறே மாசம். தானாகவே கற்றுக்கொண்டார். வெயில் சாயும் நேரத்தில் எடுத்தால்தான் ரோமம் மினுங்கும். குத்தவைத்து உட்கார்ந்து, போன் மாட்டின் நெஞ்சு மட்டத்துக்கு இருக்கவேண்டும். முன்னங்கால் சேர்ந்து நிற்கவேண்டும், பின்னங்கால் ஒன்று சற்றே பின்தள்ளி நிற்கவேண்டும். கிட்டே போய் எடுத்தால் மூஞ்சி உப்பும், எட்டி நின்று ஜூம் செய்து எடுத்தால் உடம்பு உடம்பாகத் தெரியும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. சுற்றுவட்டாரத்தில் யார் மாடு விற்றாலும் இப்போது "ஆறுச்சாமியண்ணன வரச் சொல்லு, அவரு எடுத்தாத்தான் மாடு மாடாட்டத் தெரியும்" என்கிறார்கள். கூலி ஒரு சொம்பு மோர். மோருக்கு உப்பு குறைந்தால் மட்டும் திட்டுவார்.

அவர் இருக்கிற வாட்ஸப் குழுவில் ஒரு சட்டம் இருந்தது. காங்கயம் காளை வளர்ப்பவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குழு அது. எவனோ ஒருத்தன் முன்பு பழைய படத்தைப் போட்டு நொண்டி மாட்டை விற்றுவிட்டான். அதிலிருந்து, மாட்டுக்கு யார் சாட்சி சொல்கிறாரோ அவர் மாட்டின் பக்கத்தில் நின்று, மாட்டின் மேல் கையை வைத்து, தானே முன்பக்கக் கேமராவில் எடுத்துப் போடவேண்டும். 'நான் பார்த்தேன், தொட்டேன், இது உண்மை' என்பதற்கு அதுதான் கையெழுத்து. ஆறுச்சாமி இப்படி நூறு மாட்டுக்காவது கை வைத்திருப்பார். ஒரு மாடும் திரும்பி வந்ததில்லை. அவரிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அந்தப் படங்களில் அவர் மாட்டை மட்டும்தான் பார்ப்பார். தன் மூஞ்சியைப் பார்த்ததே கிடையாது.

*

குணத்தில் அவருக்கு நேர் எதிர் அவருடைய சிநேகிதர், கோயம்புத்தூர் உக்கடத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பஷீர். கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பஷீரும் அவர் மனைவி யாஸ்மினும் சேர்ந்து நடத்துகிறார்கள். வாய் பஷீருக்கு, கை யாஸ்மினுக்கு. உடைந்த திரையை மாற்றுவதும், மண்ணெண்ணெய்த் துளி அளவுள்ள சிப்பைச் சூடு காட்டிப் பெயர்ப்பதும் அந்த அம்மாதான். பஷீர் வாசலில் நின்று ஐபோன் புகழ் பாடுவார். அவரிடம் மூன்று வருசம் பழைய ஐபோன் ஒன்று உண்டு. கண்ணாடி உறை, அதற்கு மேல் ஒரு ரப்பர் உறை, அதற்கு மேல் ஒரு பனியன் துணி.

போன பொங்கலுக்கு ஆறுச்சாமி பஷீரைக் கேட்காமலே டவுன்ஹால் கடைவீதியில் ஒரு புது ஆண்ட்ராய்டு போன் வாங்கிவிட்டார். பின்பக்கம் இருநூறு மெகாபிக்சல், முன்பக்கம் ஐம்பது. வாங்கின கையோடு உக்கடத்துக்கு வந்து மேசை மேல் வைத்தார்.

"இருநூறு, பாய். உங்குளுது எத்தன?"

பஷீர் போனைத் தொடவில்லை. "பன்னெண்டு. ஆனா அது பன்னெண்டும் பால்ங்ண்ணா. உங்க இருநூறு என்ன பண்ணுதுன்னு தெரியுமா? பதனாறு புள்ளியச் சேத்து ஒரு புள்ளியாக்கித்தான் படத்தக் குடுக்குது. பதனாறு சொம்புப் பாலக் காச்சி ஒரு சொம்பாக்கற மாதிரி. கடசில கைக்கு வாறது அதே பன்னெண்டுதான்."

"அப்ப அது பால்கோவா பாய். உங்குளுது வெறும் பாலு."

உள்ளே இருந்து யாஸ்மின் சிரித்தது கேட்டது. பஷீருக்குப் பொறுக்கவில்லை. கடையை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு இரண்டு பேரும் உக்கடம் குளக்கரைக்குக் கிளம்பினார்கள், எந்தப் போன் ஒசத்தி என்று தீர்த்துக்கொள்ள.

தண்ணீருக்கு நடுவே ஒரு குச்சியில் நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. ஆறுச்சாமி ஜூம் செய்து எடுத்தார். காக்கையின் அலகு, அலகில் ஒட்டியிருந்த மீன் செதில் வரைக்கும் தெரிந்தது. பஷீர் எடுத்ததில் ஒரு கறுப்புப் பொட்டு.

"இது காக்காயா, கண்ணு மைங்ளா பாய்?"

"சித்தெ பொறுங்க." பஷீர் ஆறுச்சாமியின் தோளில் கிடந்த பச்சைத் துண்டை இரண்டு போனிலும் எடுத்தார். ஆண்ட்ராய்டில் துண்டு கிளிப்பச்சையாகப் பளபளத்தது. ஐபோனில் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன துண்டு, வெளுத்த துண்டாகவே இருந்தது. "பாருங்க. இதுக்குத்தான் ஐபோனுங்கறது. உள்ளத உள்ளபடிக்குக் காட்டும்."

"வெளுத்துப்போனதக் காட்டறக்கு எதுக்கு இத்தன வெல? அத என்ற சம்சாரம் தெனமும் சும்மாவே காட்டறாளே."

பாலத்துக்கு அடியில் இருட்டில் எடுத்தார்கள். ஆண்ட்ராய்டு பகல் மாதிரி வெளுப்பாக்கிக் காட்டியது. ஐபோன் பாதி நிழலை அப்படியே விட்டிருந்தது. இருட்டு இருட்டாகத் தெரிவதுதான் நல்ல படம் என்றார் பஷீர். இருட்டைப் பார்க்கப் படம் எதற்கு, கண்ணை மூடினால் போதுமே என்றார் ஆறுச்சாமி. பேச்சு கேமராவிலிருந்து நழுவி மற்றதற்குப் போனது.

"உங்க போனு பத்தரமான கட்டுத்தரைங்க பாய். கம்பெனிக்காரன் போடற தீவனத்தத்தான் திங்கோணும். என்றது மேச்சக்காடு. எங்க வேணா மேஞ்சுக்கலாம்."

"மேச்சக்காட்டுல வெசப்பூண்டும் மொளைக்கும்ங்ண்ணா. வவுறு உப்பிப்போச்சுன்னு எங்கிட்டத்தான தூக்கிட்டு வாறீங்க எல்லாரும்."

கடைக்குத் திரும்பி வந்து, இரண்டு போனிலும் எடுத்த செல்ஃபியை யாஸ்மினிடம் நீட்டித் தீர்ப்புக் கேட்டார்கள். அவள் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தாள்.

"ரெண்டுலயும் நீங்க ரெண்டு பேரும் கெழவனாட்டத்தான் இருக்கறீங்க. போயி டீ சொல்லுங்க."

*

சிக்கல் வந்தது தெய்வாத்தாள் காளையால்.

தெய்வாத்தாள், ஆறுச்சாமிக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். அவளிடம் சாம்பலும் வெள்ளையும் கலந்த மயிலை நிறத்தில், இரண்டு பல் முளைத்த இளங்காளை ஒன்று இருந்தது, ராசு என்று பேர். நல்ல வீட்டில் இனவிருத்திக்கு நிற்கவேண்டிய காளை. அதன் நெற்றியில், வலது கண்ணுக்கு நேர் மேலே, ரோமம் சுழித்து ஒரு சுழி இருந்தது. தாராபுரத்துக் கிருபாசங்கர் அப்படி ஒரு காளையைத்தான் வருசக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டு வந்து காளை வளர்க்கிற பையன், அந்த வாட்ஸப் குழுவை நடத்துபவனும் அவன்தான். அவனுடைய அப்பாவுக்குச் சுழியில் நம்பிக்கை அதிகம். வலது கண்ணுக்கு மேலே சுழி இருந்தால் பட்டி பெருகும், இடது கண்ணுக்கு மேலே இருந்தால் அந்தக் காளை தங்கள் வாசப்படி மிதிக்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

ஆறுச்சாமி பொழுது சாயும் நேரத்தில் போய், ராசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, புதுப் போனில் செல்ஃபி எடுத்தார். தெய்வாத்தாள் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே போன் செய்தால் யாருக்கும் போகாது. மெயின் ரோட்டுக்கு ஏறி வந்து, படம் தெளிவாகப் போகட்டும் என்று எச்.டி. பட்டனையும் அமுக்கி, "ரெண்டு பல். வலது கண்ணுக்கு மேல் சுழி. நான் சாட்சி" என்று போட்டுவிட்டார்.

பழைய போனாக இருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. அதில் சுழியே தெரிந்திருக்காது. இந்தப் போனில் சுழியின் ஒவ்வொரு மயிரும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது. இடது கண்ணுக்கு மேலே.

கிருபாசங்கர் முதலில் மரியாதையாகத்தான் கேட்டான். "அண்ணா, வலதுன்னு எழுதியிருக்கீங்க. போட்டோவுல இடது பக்கம் இருக்குதுங்ளே?"

ஆறுச்சாமி படத்தைப் பார்த்தார். பையன் சொன்னது சரி. மறுநாள் வெடியால எழுந்து நேரே தெய்வாத்தாள் தோட்டத்துக்குப் போய், ராசுவின் நெற்றியில் கட்டை விரலை வைத்தார். வலது. போனை எடுத்துப் பார்த்தார். இடது. மறுபடியும் விரலை வைத்தார். காளை நகரவே இல்லை, நெற்றியும் நகரவில்லை. இன்னொரு செல்ஃபி எடுத்தார். மறுபடியும் இடது.

"என்னங்ண்ணா, காளைக்குக் காச்சலா? நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?" என்றாள் தெய்வாத்தாள்.

"அம்மணி, இதுக்குச் சுழி எந்தப் பக்கம்?"

"கண்ணு தெரியலீங்ளா? வலது பக்கம்."

"போன்ல இடது பக்கம் இருக்குது."

"அப்ப போனுக்குத்தான் கண்ணு தெரியல. உங்க போனுக்கு ஒத்து வாறமாதிரி என்ற காளைக்கு நெத்திய மாத்திப் பொறக்கச் சொல்றீங்ளா?"

சரி, நம் கைதான் சரியில்லை என்று நினைத்து, போனை அவள் கையில் கொடுத்தார். பின்பக்கக் கேமராவில் அவளை எடுக்கச் சொல்லி, ராசுவின் பக்கத்தில் நின்றார். அதில் சுழி வலது பக்கம் வந்தது. பெரிய மலையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது அவருக்கு. ரோட்டுக்கு ஏறி அந்தப் படத்தையும் குழுவில் போட்டார்.

அதுதான் அவர் செய்த பெரிய தப்பு.

பத்து நிமிசத்தில் ஒருத்தன் எழுதினான்: "ஒரு போட்டோவுல எடது. ஒரு போட்டோவுல வலது. அப்ப ரெண்டு காளை." இன்னொருத்தன்: "சோடிக் காளைல நல்லதக் காட்டி ஆகாததத் தள்ளறது பழைய வித்தைதானுங்க." இன்னொருத்தன் ஒன்றும் எழுதாமல் கழுதைப் படம் ஒன்றைப் போட்டான். ராத்திரி கிருபாசங்கர் போன் செய்தான்.

"அண்ணா, என்னய மன்னிச்சுக்கோங்க. உங்களத் தப்பா நெனைக்க எனக்கு மனசு வரல. ஆனா ரெண்டு பேரு புகார் சொன்னா ஆளக் குரூப்ப விட்டு எடுக்கோணும்னு நாம போட்ட சட்டம்தானுங்க. இப்ப ஒம்பது பேரு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள ஒரு தெளிவு குடுத்துருங்க. இல்லீன்னா பேரப் போட்டு எடுக்கவேண்டியதாப் போகும்."

"நீ நேர்ல வந்து பாரு கண்ணு. ரெண்டு மணி நேரந்தான."

"எனக்குச் சரிங்ண்ணா. அப்பாதான் ஒத்துக்க மாட்டீங்கறாரு. பொய் சொன்னவன் கட்டுத்தரைல கால வெக்கமாட்டேங்கறாரு."

அன்றைக்கு வியாழக்கிழமை. நூறு மாட்டின் மேல் வைத்த கை. அதில் பேரைப் போட்டு எடுத்துவிட்டால், அடுத்து எந்தக் கட்டுத்தரைக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பது? சாப்பிடும்போது கூட வலது கையைத் தூக்கி 'இது வலதுதானே' என்று பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை பஸ் ஏறி உக்கடம் வந்தார்.

*

"பாய், என்ற போனுக்கு ஏதோ கெரகம் புடிச்சிருக்குது. வைரஸ் இருக்குதான்னு பாருங்க" என்று மேசை மேல் வைத்தார்.

நடந்ததைக் கேட்டதும் பஷீரின் முகத்தில் பெருநாள் வந்துவிட்டது. "நான்தான் சொன்னேனல்லங்ண்ணா. துண்டக் கிளிப்பச்சையாக் காட்டின போனு, சுழிய மாத்திக் காட்டறக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மேச்சக்காடு, மேச்சக்காடுன்னீங்க. வெசப்பூண்ட முழுங்கிருச்சு பாருங்க."

ஆறுச்சாமி போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். அவர் திருப்பிச் சண்டைக்கு வராததைப் பஷீர் இதுவரை பார்த்ததில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்ண்ணா. நான் வெளாட்டுக்குச் சொன்னேன்."

யாஸ்மின் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தாள். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆறுச்சாமியின் போனில் வியாழக்கிழமை காலை எடுத்த செல்ஃபியையும் தெய்வாத்தாள் எடுத்த படத்தையும் பார்த்தாள். ஒன்றை மாற்றி ஒன்று, நாலைந்து தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணா, இந்த ரெண்டும் ஒரே நாள் எடுத்ததுங்ளா?"

"ஒரே நாளு. அரை மணி நேரம் முன்னப் பின்ன."

"நடுவுல சட்டைய மாத்துனீங்ளா?"

"தோட்டத்துல யாரு அம்மணி சட்ட மாத்தறது? அதே சட்டதான்."

"அப்புறம் எப்படிங்க, இந்தப் படத்துல சட்டைப் பை எடது பக்கம் இருக்குது, இதுல வலது பக்கம் இருக்குது? உங்க டைலரு ரெண்டு பக்கமும் பை வெச்சுத் தெக்கறாருங்ளா?"

ஆறுச்சாமி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். இடது பக்கம். போனில் இருந்த செல்ஃபியைப் பார்த்தார். அதில் ஒரு ஆள் ராசுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் பை வைத்த சட்டை போட்டு நின்றிருந்தார். எட்டு வருசத்தில் முதல்முறையாக ஆறுச்சாமி படத்தில் தன்னைப் பார்த்தார்.

"காள திரும்பல. படந்தான் திரும்பியிருக்குது" என்றாள் யாஸ்மின். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் காட்டினாள். "கண்ணாடி முன்னால நின்னா எப்படித் தெரியுதோ, முன்பக்கக் கேமராவுல எடுக்கறப்ப ஸ்க்ரீன்ல அப்படித்தான் தெரியும். எல்லாப் போன்லயும் அப்படித்தானுங்க. படத்தச் சேமிக்கறப்ப சில போனு அதத் திருப்பி நேராக்கி வெக்கும், சிலது கண்ணாடில தெரிஞ்ச மாதிரியே வெச்சுரும். செட்டிங்ஸ்ல ஒரு சுவிச்சுத்தான். உங்க போன்ல அது ஆன்ல இருக்குது." ஒரு தட்டுத் தட்டினாள். "இப்ப நேரு."

"அதான், ஐபோன்ல இந்த வம்பே இல்ல" என்று பஷீர் மறுபடியும் ஆரம்பித்தார்.

யாஸ்மின் கையை நீட்டி அவருடைய ஐபோனை வாங்கி, பனியன் துணியை உருவி, செட்டிங்ஸைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அதே சுவிட்ச் அதிலும் இருந்தது. "ஆஃப்ல இருக்குது, அவ்வளவுதான். தட்டுனா உங்குளுதும் திரும்பும். கம்முனு இருங்க."

ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. "எனக்குப் புரிஞ்சு போச்சு அம்மணி. அவுனுகளுக்குப் புரியோணுமே. போனு திரும்பிருச்சுன்னு சொன்னா, மாட்டிக்கிட்டதும் போனு மேல பழியப் போடறான்னுதான சொல்லுவானுக?"

"கடை போர்டுக்கு முன்னால நின்னு எடுத்துப் போடுங்க. எழுத்து திரும்பித் தெரியும்" என்றார் பஷீர்.

ஆறுச்சாமி தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "எழுத்து வேண்டாம் பாய். எழுத்துன்னா கம்ப்யூட்டர்ல திருப்பிப்போட்டேன்னு சொல்லுவானுக. பை போதும். பை அவனவன் நெஞ்சுல இருக்குது."

*

ஞாயிற்றுக்கிழமை வெடியால பஷீர் தன் பைக்கிலேயே கிணத்துக்கடவுக்கு வந்துவிட்டார். ஐபோன் சாட்சிக்கு வேண்டும் என்றார். உண்மையில் என்ன நடக்கிறதென்று பார்க்காமல் அவரால் கடையில் உட்கார முடியவில்லை. இரண்டு பேரும் தெய்வாத்தாள் தோட்டத்துக்குப் போனார்கள். போய் நின்றதும் நிற்காததுமாக ராசு பஷீரின் போன் உறையை ஒரு நக்கு நக்கியது.

"அதுக்கு ஐபோன் புடிச்சிருக்குது பாருங்க" என்றார் பஷீர்.

"உறை உப்புக் கரிக்குதுன்னு நக்குது. தொடச்சு வெச்சாத்தான" என்றாள் தெய்வாத்தாள்.

ஆறுச்சாமி ஒரு சிவப்புப் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, ராசுவின் கழுத்தில் கையைப் போட்டு, தன் போனில் சுவிட்சைப் போட்டு ஒரு படம், அணைத்து ஒரு படம் எடுத்தார். அப்படியே பஷீரின் போனிலும் இரண்டு. மொத்தம் நாலு படம். மெயின் ரோட்டில் ஏறி நின்று, நாலையும் குழுவில் போட்டார். பிறகு எழுதாமல், வாயாலேயே பேசி அனுப்பினார்:

"ஆறுச்சாமி பேசறனுங்க. காள ஒண்ணுதான். போனு ரெண்டு. படத்துல என்ற சட்டைப் பையப் பாருங்க. பை எந்தப் படத்துல வலது பக்கம் போகுதோ, அந்தப் படத்துலதான் சுழி எடது பக்கம் வருது. பை என்னைக்காச்சும் வலது பக்கம் இருக்குமுங்ளா? எம் மேல நம்பிக்கை இல்லாதவிய, அவுங்கவுங்க போட்ட பழைய படத்த எடுத்து, அவுங்கவுங்க பையப் பாத்துக்குங்க. பை மாறியிருந்தா, அன்னைக்கு நீங்க காட்டின மாடும் மாறித்தான் நின்னிருக்குது. இதுக்கு மேல பேரப் போட்டு எடுக்கறதுன்னா எடுங்க."

கால் மணி நேரம் ஓடியது. ஆறுச்சாமி ரோட்டோரப் புளியமரத்தடியில் போனை வெறித்துக்கொண்டு நின்றார். பஷீர் இரண்டு டீ வாங்கி வந்தார். டீ ஆறியது.

முதல் பதில், 'ரெண்டு காளை' என்று எழுதியவனிடமிருந்து வந்தது. "அண்ணா, என்ற பையும் வலது பக்கம் இருக்குது."

பிறகு மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. "எனக்குக் கைக்கடியாரம் வலது கைல இருக்குதுங்க, நான் கட்டறது எடது கைல." "நாலு வருசமா எங்க ஊட்டுக் கறுப்புக் காளைய மாத்திக் காட்டிட்டு இருந்திருக்கறேன்." "என்ற போன்லயும் சுவிச்சு ஆன்ல இருக்குது, எப்ப ஆன் ஆச்சுன்னே தெரியல." "ஐபோன் வெச்சிருக்கறவிய சொல்லுங்கப்பா, உங்குளுது என்ன கத?" கழுதைப் படம் போட்டவன் அதை அழித்துவிட்டான். அழித்ததையும் யாரோ கவனித்து, "கழுத எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டான்.

அப்போது ஒரு குறும்பன் கிருபாசங்கரின் முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டான். கிருபாசங்கர் தன் காளையின் மேல் கை வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற படம். சட்டைப் பை வலது பக்கம்.

கிருபாசங்கர் உடனே போன் செய்தான். குரலில் சிரிப்பும் வெட்கமும் கலந்திருந்தது. "அண்ணா, ஆறு வருசம் கம்ப்யூட்டர்ல குப்ப கொட்டுனேன். எனக்கே தெரியல பாருங்க. அப்பா வண்டிய எடுக்கச் சொல்லிட்டாரு. மத்தியானம் வாரோம்."

*

மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார்கள். கிருபாசங்கரின் அப்பா வெள்ளை மீசை வைத்த பெரிய மனிதர். யாரோடும் பேசவில்லை. நேரே கட்டுத்தரைக்குப் போனார். அதைப் பார்த்ததுமே ஆறுச்சாமிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பெரியவர் ராசுவின் நெற்றியில் கட்டை விரலை வைத்தார். வலது கண்ணுக்கு மேலே. தேய்த்துப் பார்த்தார், ஒட்டவைத்த சுழியா என்று பார்க்கிற மாதிரி. ராசு தலையை ஆட்டி அவர் கையை நக்கியது. பிறகு திரும்பி, ஆறுச்சாமிக்கு நேரே வந்து நின்று, அவருடைய சட்டைப் பையைத் தொட்டார்.

"ரெண்டும் இருக்கற எடத்துல இருக்குது" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. துண்டை எடுத்து ராசுவின் முதுகில் போட்டார். காளையை எடுத்துக்கொண்டதாக அர்த்தம்.

தெய்வாத்தாள் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள். ஆறுச்சாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கம்மி" என்றார். "ரெண்டு நாளாச் செத்த கோழியாட்ட இருந்தீங்க, நாக்குக்கு இப்பத்தான் உசுரு வந்துச்சாக்கு" என்றபடி அவள் உப்பு எடுக்கப் போனாள்.

அங்கேயே நின்று கிருபாசங்கர் குழுவில் புதுச் சட்டம் போட்டான். சாட்சி சொல்பவர் இனிமேல் பை தெரியும்படி சட்டை போட்டு நிற்கவேண்டும். பனியனும் டீ சர்ட்டும் செல்லாது. தோட்டத்தில் வேலை செய்கிறவன் எங்கே போய்ச் சட்டை மாட்டுவது என்று உடனே நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். சண்டை இன்னும் முடியவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் ராசுவைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். பஷீர் தன் ஐபோனில் எடுத்தார். எடுத்து ஆறுச்சாமியிடம் நீட்டினார். ஆறுச்சாமி வழக்கம் போல முதலில் காளையைப் பார்த்தார். திமில் நன்றாக வந்திருந்தது. மயிலை நிறம் மயிலையாகவே இருந்தது. பிறகு சட்டைப் பையைப் பார்த்தார். இடது பக்கம். பிறகு, பழகாத வேலையாக, மூஞ்சியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க பாய், எனக்கு இத்தன நரையா?"

"ஐபோனுங்ண்ணா. உள்ளத உள்ளபடிக்குக் காட்டும்."

ஆறுச்சாமி தன் ஆண்ட்ராய்டைப் பையிலிருந்து எடுத்துப் பஷீர் கையில் வைத்தார். மீசையை ஒதுக்கிவிட்டு, ராசுவின் பக்கத்தில் மறுபடியும் போய் நின்றார்.

"காளைக்கு அதுல எடுத்தது போதும். எனக்கு இதுல ஒருக்கா எடுங்க."